ஆணி பாயின் முப்பத்தோராவது பம்பு

சிட்னியில் நாற்பது லட்சம் பேர் குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறார்கள். அத்தனை பேரிலும் அந்தத் தண்ணீரைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கு ஆணி பாய் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று சம்பளப் படிவத்தில் இருந்தது. அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

என் முதல் வேலையில் அவரைச் சந்தித்தேன். சிட்னியின் பரமட்டா பகுதியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு தொழிற்பேட்டை. அதன் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் எங்கள் சிறிய கம்பெனி. குடிநீரில் கலந்திருக்கும் ஆர்செனிக் என்ற நஞ்சை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் பெட்டி ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தோம். விஷயம் கடினமில்லை. தண்ணீருக்குள் இரும்புத் தகடுகளை வரிசையாக நிறுத்தி மின்சாரத்தைச் செலுத்தினால் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த இரும்பு துருவாக மாறும். ஆர்செனிக்குக்குத் துரு என்றால் உயிர். போய் ஒட்டிக்கொள்ளும். துரு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை வடித்துக் குடிக்கலாம். படிந்த சேற்றை மட்டும் யாரும் தொடக்கூடாது.

நாளாக நாளாகத் தகடுகளில் பொருக்குப் படிந்து மின்சாரம் ஓடாமல் அடம்பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றித் தேய்க்க வேண்டும். பாயின் வேலை அதுதான். அறுபதை நெருங்கியவர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். வாலிபத்தில் கல்கத்தாவுக்குப் போய், வங்காளத்திலேயே முப்பது வருடம் கிடந்துவிட்டு, மகளோடு பக்கத்துப் பிளாக்டவுனில் வந்து இறங்கியிருந்தார்.

முதல் நாள் மேலாளர் கிரெக் என்னை அறிமுகம் செய்துவைத்தபோது நான் கைகொடுத்தேன். பாய் மஞ்சள் ரப்பர் கையுறையோடு என் கையைப் பிடித்தார், குலுக்கவில்லை, திருப்பினார். உள்ளங்கையை வெளிச்சத்துக்குக் காட்டி இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். பிறகு, விற்க முடியாத மாம்பழத்தைக் கூடையில் திரும்ப வைப்பவர் போல என்னிடமே தந்தார்.

"சுத்தமா இருக்கும்மா," என்றார்.

நான் குறிப்பேடு வைத்து வாழ்கிறவள். அன்று மாலை அதில் மூன்று வரி எழுதினேன். ஒன்று, கழிப்பறைச் சாவி கிரெக்கிடம். இரண்டு, மத்தியானச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். மூன்று, பாயிடம் கவனம்.

ஆணி என்ற பட்டம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. அவருடைய சட்டைப்பையில் ஒரு தகர டப்பா. அதற்குள் இரண்டு அங்குல ஆணிகள். எந்தத் தண்ணீரானாலும் அவர் வாய்க்குப் போகும் முன்னால் கொஞ்ச நேரம் ஆணியோடு குடித்தனம் நடத்த வேண்டும். தண்ணீர்ப் போத்தலில் ஆணி. சோறு ஊறவைக்கும் பாத்திரத்தில் ஆணி. மகள் வீட்டு மீன்தொட்டியில் ஆணி போட்டு, தங்கமீன் எல்லாம் துருமீன் ஆனதாக ஒரு பேச்சு உண்டு. அதை நான் சரிபார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை கிரெக் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். "இந்த வாரம் தேயிலை அருமை," என்றார். "நிறத்தைப் பார். உங்கள் இலங்கைக்காரர்களால்தான் முடியும்." எட்டிப் பார்த்தேன். கோப்பைக்குள் நடுநிசி போலக் கறுப்பாக இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் என்று அவர் ரசித்துக் குடித்தார். வெள்ளிக்கிழமை நான் கெட்டிலைக் கழுவப் போனபோது உள்ளே ஏதோ உருண்டது.

"பாய், கெட்டிலுக்குள்ள ஆணி போட்டனீங்களோ?"

"மூணுதாம்மா."

"ஏன்?"

"நாலு போட்டா மூடி மூட மாட்டேங்குது."

தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஏறக்குறைய அந்த வகைக் கலவையில்தான் எழுதும் மை செய்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், எங்கள் மேலாளர் நான்கு நாட்கள் மை குடித்திருந்தார். நான் ஆணிகளை எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் கிரெக் தேயிலை நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினார், தரம் இறங்கிவிட்டதாம்.

பாயோடு வாதாடிப் பார்த்தேன். எங்களிடம் ஒரு சோதனைத் தாள் இருந்தது. தண்ணீரில் பொடியைப் போட்டு, எழும் ஆவியில் அந்தத் தாளைப் பிடிக்க வேண்டும். வெள்ளையாகவே இருந்தால் ஆர்செனிக் இல்லை. மஞ்சளானால் சரியில்லை. பழுப்பானால் அந்தத் தண்ணீரை மறந்துவிடலாம். சிட்னிக் குழாய்த் தண்ணீரை அவர் கண்முன்னே சோதித்து, வெள்ளைத் தாளை நீட்டினேன்.

"இது இன்னிக்குத் தண்ணி," என்றார். "நாளைக்குத் தண்ணி நாளைக்குத்தானே வரும்?"

ஆணிகூடப் பரவாயில்லை. கை பார்ப்பதுதான் ஊர்ப் பிரச்சினையாகிவிட்டது.

பிளாக்டவுனில் ஒரு பள்ளி மண்டபத்தில் தமிழர் ஒன்றுகூடல். பாயும் மகளோடு வந்திருந்தார். அன்று ரப்பருக்குப் பதிலாக வெள்ளைப் பருத்திக் கையுறை. பிரியாணியைக் கரண்டியால் சாப்பிட்ட ஒரே ராமநாதபுரத்துக்காரர் அவர்தான். தண்ணீர் பரிமாறிய ஓர் அண்ணனின் கையை வழக்கம்போலப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "சுத்தமா இருக்கு தம்பி, கவலப்படாதீங்க," என்று சொல்லியிருக்கிறார். அந்த அண்ணன் நான்கு வருடமாக நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருந்தவர். அடுத்த புதன்கிழமை அவருக்குக் கடிதம் வந்தது. பி.ஆர். கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு பாய் எங்கே உட்கார்ந்தாலும் வரிசை. பி.ஆர்.க்காரர்கள், வீட்டுக் கடன்காரர்கள், மருத்துவப் பரீட்சையை மூன்றாம் முறையாக எழுதும் பிள்ளைகளின் பெற்றோர். வெள்ளைக் கையுறை போட்டுக் கை பார்க்கிறவர் என்றால் லேசுப்பட்டவராக இருக்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

"எங்க மார்க்கத்துல சோசியம் கூடாதுங்க," என்று அவர் கெஞ்சுவார்.

"அது எங்களுக்குத் தெரியும் பாய். நீங்க சும்மா பாருங்கோ, பலனை நாங்க பாத்துக்கொள்ளுறம்," என்பார்கள்.

மறுக்கவும் அவரால் முடியாது. ஒரு கையை நீட்டினால் பார்க்காமல் விட அவருக்கு மனம் வராது. அடுத்த ஒன்றுகூடலில் வரிசையின் நடுவே என் அம்மா நின்றா, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி.

"பாய், இவளுக்கு இருபத்தாறு முடியுது. எஞ்சினியர் எண்டு சொல்லிக்கொண்டு தகரக் கொட்டிலுக்குள்ள நிக்கிறாள். எப்ப சரிவரும் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

பாய் என் கையை ஏற்கெனவே பார்த்தவர். இருந்தும் மீண்டும் திருப்பிப் பார்த்தார். "சுத்தமா இருக்கும்மா."

"சுத்தமா எண்டா? ஒருத்தனும் இல்லையோ?"

அவர் அம்மாவின் கையைப் பிடித்தார். அதையும் பார்த்தார். "உங்களுதும் சுத்தம்," என்றார், ஏதோ பெரிய பாரம் இறங்கியவர் போல. அப்போதுதான் நான் அவர் முகத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு கையைத் திருப்பும்போதும் அந்த முகம் பயந்துவிட்டுப் பிறகுதான் தெளிந்தது.

திங்கட்கிழமை தகடு தேய்க்கும் இடத்துக்குப் போய்க் கேட்டேன். "பாய், நீங்கள் உண்மையில என்ன பாக்கிறனீங்கள்?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "மழைத் துளி விழுந்த புழுதி பாத்திருக்கீங்களாம்மா? அது மாதிரி மேலெல்லாம் புள்ளி வரும். அப்புறம் உள்ளங்கை தடிக்கும். அரிசி மணி ஒட்டுன மாதிரி முளைக்கும். ரொம்ப நாள் கழிச்சு அதுல புண்ணு வந்தா ஆறாது. அதைத்தான் பாக்குறேன்."

அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி கொண்டுவந்தார். கொப்பி முழுக்கப் பட்டியல். பட்டியல் என்றால் நான் எழுந்து நின்று மரியாதை செய்கிறவள், அதை வாங்கி வாசித்தேன். அறுபத்து நான்கு வரிகள். ஒவ்வொன்றிலும் ஊர், யார் வீட்டு முற்றம், எத்தனை குழாய் ஆழம். பாய் வங்காளத்தில் செய்த தொழில் அதுதான். அடிபம்பு இறக்குவது.

"குளத்துத் தண்ணியக் குடிச்சுப் புள்ளைங்க வயித்தால போயி செத்துக்கிட்டு இருந்துச்சு. நாங்க போயி பம்பு எறக்கினோம். சாவு நின்னுபோச்சு. எனக்கு மாலை போட்டாங்க, ஊர்வலம்லாம் கூட்டிட்டுப் போனாங்க."

"அதுக்குப் பிறகு?"

"பத்துப் பதினஞ்சு வருஷம் ஒண்ணுமில்ல. அப்புறம் கையில வந்துச்சு. ஏழு குழாய்லயே நல்லா தண்ணி வந்துச்சும்மா, நிறுத்திட்டேன். இருபது குழாய் எறக்கியிருந்தா அடி மண்ணுல நல்ல தண்ணி. யாருக்குத் தெரியும்? தெளிவாத்தான் இருந்துச்சு. இனிப்பாத்தான் இருந்துச்சு."

கொப்பியில் பெரும்பாலான வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. அரசாங்க ஆட்கள் வந்து சோதித்து, நஞ்சு இருந்த பம்புகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்துப் போனார்களாம். செய்தி கேள்விப்படக் கேள்விப்படப் பாய் புள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். முப்பத்தோராம் வரிக்குப் பக்கத்தில் மட்டும் எதுவும் இல்லை. படகில் போக வேண்டிய ஊர். சோதிக்க யாரும் போகவில்லை. மொமேனா என்ற பெண்ணின் வீட்டு முற்றம். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் தங்கி வேலை செய்தார். மொமேனா சோறு போட்டார். பாய் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

"அவ கையில என்னமோ இருக்குன்னு மகன் எழுதியிருக்கான். சோடா சோப்பா இருக்கும். அவ எப்பவும் துணி தொவச்சுக்கிட்டே இருப்பா." கொப்பியை மூடிவிட்டு, "இது ஒண்ணாவது நல்லதா இருக்கணும்மா," என்றார்.

அந்த வருடம் அவர் விடுமுறையில் வங்காளத்துக்குப் போனார். தண்ணீர் எடுத்துவர நான் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். போத்தலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலச வேண்டும். பத்து நிமிடம் பம்பை அடித்துவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். விளிம்புவரை நிரப்ப வேண்டும். கடைசி வரி, ஒவ்வொரு போத்தலிலும் சில துளி அமிலம் விட வேண்டும் என்பது. விமானத்தில் அமிலம் கொண்டுபோக முடியாதே என்று அதை நானே வெட்டிவிட்டேன். இந்தக் கதையில் ஏதாவது ஒரு பிழைக்கு என் பெயர் எழுத வேண்டுமானால் அது அந்த வெட்டுக் கோடுதான்.

அவர் திரும்பிவந்த நாளில், காலை பத்து மணிக்கு விமான நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலில் மிகுந்த பொறுமை தெரிந்தது.

"ஒரு பயணியின் பெட்டியில் ஆறு போத்தல்கள் உள்ளன. என்ன என்று கேட்டோம். விஷம் என்கிறார்."

"ஆமாம்," என்றேன்.

"நீங்கள் விஷத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?"

"ஆறு லிட்டர்."

கம்பெனியின் அனுமதிக் கடிதம் பாயின் சட்டைப்பையிலேயே இருந்தது. அவரிடம் யாரும் கடிதம் கேட்கவில்லை. என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னார். தாடி வைத்த ஒரு மனிதர் அந்த வருடங்களில் அந்தச் சொல்லை அந்த இடத்தில் சொன்னால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஐந்து மணி நேரம் கழித்து நானும் கிரெக்கும் போய்க் கூட்டிவந்தோம். காரில் ஏறியதும் அவர், "அந்த ஆபீசர் கை சுத்தமா இருந்துச்சும்மா," என்றார். அங்கேயும் பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சோதித்தேன். வெள்ளை நிறப் பிளாஸ்டிக் போத்தல்கள். மேலிருந்து கொஞ்சம் எடுத்துப் பொடியைப் போட்டுத் தாளைப் பிடித்தேன். வெள்ளை. இன்னொரு போத்தலிலிருந்து எடுத்தேன். அதுவும் வெள்ளை.

"பாய்," என்றேன். "நல்ல தண்ணி."

அவர் அங்கேயே, ஈரத் தரையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்று தெரியாது, முகத்தைக் கையுறையால் மூடியிருந்தார். எழுந்ததும் வெளியே போய்த் தன் கைத்தொலைபேசியில் மொமேனாவின் ஊருக்கு அழைத்தார். வங்காளியில் சத்தமாகப் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் மனிதர் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் சொல்வது போலப் பேசினார். முப்பத்தோராம் வரிக்குப் பக்கத்தில் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பேனா என்னுடையது.

திங்கட்கிழமை காலை போத்தல்களைக் கழுவ எடுத்தேன். முதல் போத்தலைத் தொட்டிக்குள் கவிழ்த்தேன். தெளிந்த தண்ணீர் ஓடியது. கடைசியில் செம்மண் சேறு வந்தது. சேற்றுக்குப் பின்னால் ஒரு சத்தத்தோடு ஆணி விழுந்தது.

குழாயை மூடிவிட்டு நின்றேன். மீதி ஐந்தையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஐந்திலும் ஆணி.

"வழியில யாராவது தாகத்துக்குக் குடிச்சிட்டாங்கன்னா?" என்றார் பாய், கேட்டபோது. "மொமேனா வீட்டுலயே ஒண்ணு ஒண்ணு போட்டுட்டேன். ஏம்மா?"

விமானத்திலும் பயணப் பெட்டியிலுமாக ஒரு வாரத்துக்கு மேல் அந்த ஆணிகள் எங்கள் பெட்டியின் வேலையைத்தான் செய்திருந்தன, மின்சாரம் இல்லாமல், மெதுவாக. ஆர்செனிக் எல்லாம் துருவோடு அடியில். நான் சோதித்தது மேலே நின்ற தண்ணீரை. அமிலம் விட்டிருந்தால் துரு படிந்திருக்காது, நானும் ஏமாந்திருக்க மாட்டேன். இரண்டாவது போத்தலில் தண்ணீரை வடிக்காமல், சேறு கரையும்வரை அமிலம் சேர்த்துக் கலக்கி, மறுபடி தாளைப் பிடித்தேன். தாள் மஞ்சளில் நிற்கவே இல்லை. நேராகப் பழுப்புக்குப் போனது.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான்கு வரி எழுதினேன். முதல் வரி, உட்காரச் சொல்ல வேண்டும் என்பது. அதற்குள் அவரே வந்து மேசையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டார்.

"இது எந்தத் தண்ணிம்மா?"

நான் இரண்டாவது போத்தலைக் காட்டினேன். எழுதிய நான்கு வரியும் தேவைப்படவில்லை.

"சரி," என்றார். "மூணு நாளாக் குடிச்சிருப்பாங்க. போன் போடணும்."

அவருடைய கைத்தொலைபேசியில் காசு தீர்ந்திருந்தது, வெள்ளிக்கிழமைச் சந்தோஷத்தில் அவ்வளவும் பேசியிருக்கிறார். என் கைப்பையில் இருந்த வெளிநாட்டு அழைப்பு அட்டையைக் கொடுத்தேன். வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால்தான் எண் தெரியும். ரப்பர் விரலால் இரண்டு தரம் சுரண்டினார், முடியவில்லை. கையுறையைக் கழற்றினார்.

ஒன்றரை வருடத்தில் அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க அரிசி மணிகள். வலது சுட்டுவிரலில் ஒரு பழைய துணிக்கட்டு.

"நீங்களும் குடிச்சனீங்களோ?"

"பம்பு போட்டவன்தாம்மா மொதச் செம்பு குடிக்கணும். அங்க அது வழக்கம். ஊரே சுத்தி நின்னு பாக்கும். நான் குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொன்னப்புறம்தான் அவங்க குடிப்பாங்க." அட்டையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "அறுபத்து நாலு செம்பு. மத்த நாள்ல தாகத்துக்குக் குடிச்சது தனி."

தொலைபேசியில் அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். விஷத்துக்கு வங்காளியிலும் ஏறத்தாழ நம் சொல்தான், பிஷ் என்கிறார்கள். அதை அவர் மூன்று தரம் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண் குரல் நெடுநேரம் பேசியது. இடையில் அந்தக் குரல் சிரித்தது. பாய் தொலைபேசியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னவ?"

"வெள்ளிக்கெழம நான் நல்ல தண்ணின்னு சொன்னத அவ நம்பவே இல்லியாம். நீ போட்ட பம்பை நீ கெட்டதுன்னா சொல்லப்போற, அண்ணன்காரனுக்கு மனசு வருமான்னு, பக்கத்து ஊருக்கு நடந்து போயி வேற தண்ணி எடுத்துட்டு வந்திருக்கா. மகன் வீட்டுலதான் குடிச்சிருக்காங்க." அட்டையை என்னிடம் நீட்டினார். "இருபது வருஷம் குடிச்சாச்சு, மூணு நாளுக்கு எதுக்கு அழுவுறன்னு கேக்குறா."

அன்றைக்குப் பிறகு கொட்டகையில் கொஞ்ச நாள் ஆணிச் சத்தம் கேட்கவில்லை.

பாயின் தண்ணீரை எங்கள் பெட்டியில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கிரெக் சொன்னார். ஓட்டிப் பார்க்க அதில் எதுவும் மிச்சமில்லை, ஆணிகள் முடித்துவிட்டன என்று நான் விளக்கினேன். அப்படியென்றால் பெட்டியைத்தான் தண்ணீரிடம் அனுப்ப வேண்டும். அப்போது கம்பெனி ஒரு பெட்டியை வெளிநாட்டில் எங்காவது வைத்துப் பரிசோதிக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. நல்ல இடத்துக்கான நிபந்தனைகளை எழுதியவள் நான். நிலையான மின்சாரம். வண்டி போகும் சாலை. சேற்றைப் புதைக்கச் செங்கல் கட்டிய குழி. வாராவாரம் தகடு தேய்க்கப் பழகிய ஆள். மொமேனா வீட்டு முற்றம் முதல் மூன்றிலும் தோற்றது.

"நாலாவதுக்கு நான் இருக்கேன்ல," என்றார் பாய்.

பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அதற்குள் அவருடைய சுட்டுவிரலை எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலைச் சோதிக்க வர வேண்டும், தவறினால் புற்று பரவும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் அழுதாள். நான் அழாமல், போகக்கூடாததற்கு ஏழு காரணங்களை எழுதிக் கொடுத்தேன். பாய் வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

"அங்க போயி நிதானமாப் படிக்கிறேன்மா."

பெட்டியும் அவரும் போனார்கள். மின்சாரம் இல்லாததால் லாரி பேட்டரியில் ஓட்டினார். முதல் இரண்டு மாதம் பெட்டி எங்களைக் கேவலப்படுத்தியது. கொட்டகையில் நாங்களே கலந்து செய்த தண்ணீர் நல்ல பிள்ளை. நிஜக் கிணற்றுத் தண்ணீரில் வேறு உப்புகள் இருந்தன, அவை முண்டியடித்துக்கொண்டு துருவில் முதலில் ஏறிக்கொண்டன. ஆர்செனிக்குக்கு இடம் கிடைக்கவில்லை. நான் சிட்னியில் இருந்து கணக்குப் போட்டு, மின்சாரத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டச் சொல்வேன். அவர் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து அழைப்பார். தாளின் நிறத்தைச் சொல்ல வேண்டும். எண் போட்ட நிற அட்டை ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தேன், அதைப் படகில் தொலைத்துவிட்டார்.

"இன்னிக்கு மிளகு ரசம்மா."

"போன கிழமை?"

"போன வாரம் புளிக்கொழம்பு. அதுக்கு இது தேவல."

அப்படியே சாம்பார், மோர்க்குழம்பு, மோர் என்று இறங்கிவந்தோம். குறிப்பேட்டில் நான் அவற்றுக்கு நேராக அளவுகளை எழுதி வைத்தேன். கம்பெனி அறிக்கையில் அளவுகளை மட்டும் போட்டேன். பதினோராவது வெள்ளிக்கிழமை அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இட்லிம்மா," என்றார். "பால் மாதிரி இட்லி."

நான் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். கிரெக் என்ன ஆயிற்று என்று கேட்டார். இட்லி என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

மொமேனாவுக்கு அந்தத் தண்ணீர் எட்டு மாதம் கிடைத்தது. அவருக்கு நோய் ஈரல்வரை போயிருந்தது, எட்டு மாதம் தாங்கினதே பெரிது என்றார்கள். அவர் இறந்த பிறகு பாய் திரும்பிவந்துவிடுவார் என்று மகள் காத்திருந்தாள். வரவில்லை. தகடு தேய்க்க ஆள் வேண்டும் என்றார். அம்மாவுக்கு அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன்.

"அப்ப என்ர கையில சுத்தம் எண்டு சொன்னது?"

"நஞ்சு இல்லை எண்டு அம்மா."

அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தா. "அதைவிட வேற என்ன பலன் வேணும்," என்றா.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாயிடமிருந்து அனுமதியோடு ஒரு பொதி வரும். உள்ளே இரண்டு போத்தல். ஒன்றில் அமிலம் விட்டது, சோதனைக்கு. பட்டியலில் நான் வெட்டிய வரியை ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் உதவியோடு அவர் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தார். மற்றதில் வெறும் தண்ணீர். அதன்மேல் தமிழில் எழுதியிருக்கும், 'எஞ்சினியரம்மா குடிக்க' என்று. நான் இரண்டையும் சோதித்து, எழுதிவைத்து, இரண்டையும் தொட்டியில் ஊற்றிவிடுவேன். ஆய்வுக்கூடத்துக்கு வந்த எதையும் குடிக்கக்கூடாது என்பது விதி. விதிக்குப் பின்னால், பயமும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்பார். "குடிச்சீங்களாம்மா?"

"ஓம் பாய்," என்பேன்.

"எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்தது."

இப்படி ஆறு தரம் பொய் சொன்னேன்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை அவருடைய மகள் அழைத்துச் சொன்னாள். நுரையீரல்வரை போய்விட்டதாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தகடு தேய்ப்பது இப்போது மொமேனாவின் மகன்.

ஒன்பது நாள் கழித்து அவர் இறப்பதற்கு முன் அனுப்பிய பொதி வந்தது. இரண்டு போத்தல். எழுத்து நடுங்கியிருந்தது, ஆனால் அவருடையதுதான். முதலாவதைச் சோதித்தேன். தாள் வெள்ளை. இரண்டாவதைச் சோதித்தேன், அடியில் ஏதும் இருக்கிறதா என்று அமிலத்தில் கலக்கியும் பார்த்தேன். வெள்ளை. நேரத்தையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, போத்தலில் அமிலம் படாமல் மீந்திருந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, நின்றபடியே முழுவதையும் குடித்தேன்.

ஓம் பாய், குடிச்சனான்.